அக்காவின் பிக்கப்புக்கு நான் எடுத்துக் கொடுத்த மட்பிளாப்

எங்கள் வீட்டில் முதன்முதலில் வாகனம் ஓட்டப் பழகிய என் ஸ்ரெலா அக்காவுக்கு,

உன் பிக்கப் நன்றாக ஓடுகிறது. நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் மெலனி லைசன்ஸ் எடுத்துவிட்டாள். ஹொல்ம்லியா ஏற்றத்தில் கியர் மாற்ற இன்னும் பயப்படுகிறாள். ஆனால் கதவை மட்டும் உன்னைப் போலவே ஓங்கி அடித்துச் சாத்துகிறாள்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கி, நாலு தடவையும் விட்டுவிட்டேன். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு வண்டியின் பின் சக்கரங்களுக்குப் பின்னால் தொங்குகிற இரண்டு ரப்பர் துண்டுகள். அதற்கு ஒரு கடிதமா என்பார்கள்.

நாங்கள் விட்டு வந்த ஊரில் மறுபடி சண்டை தொடங்கிய வருடத்து ஒக்டோபர் அது. இங்கே நோர்வேயில், லில்லெஸ்ட்ரோமில் நான் வேலை செய்கிற வாகன உதிரிப்பாகக் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். பனிக்காலம் வருகிறதென்று எல்லோருக்கும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருந்தது. வரிசை கதவு வரை நின்றது. நீ பின்னேரம் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டுக்குச் சமைக்க வேண்டியிருந்ததால் சமையல் உடுப்போடேயே வந்திருந்தாய்.

"டேய் ரெஜி! என்ரை வண்டிக்கு மட்பிளாப் வேணும். இந்த முறை நல்லதாப் பார்த்துத் தா!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

கிழமை நாட்களில் முதியோர் இல்லத்துச் சமையலறை, சனி ஞாயிறில் எங்கள் ஆட்களின் கலியாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள். அத்தான் பிரிந்து பேர்கனுக்குப் போன பிறகு மெலனியை நீ அப்படித்தான் வளர்த்தாய். பானைகளையும் அடுப்புகளையும் ஏற்றிப் பறிக்கத்தான் அந்தப் பழைய பிக்கப்பை வாங்கினாய். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் எனக்கு உன் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? அளவு நாடாவோடு வெளியே போவேன். டயரின் அகலத்தைப் பார்ப்பேன். "பின்னால் பாரம் ஏற்றுவீர்களா?" என்று கேட்பேன். பாரம் ஏறினால் பிக்கப்பின் பின்பக்கம் பதியும். வெறும் வண்டியில் சரியாக இருந்த ரப்பர் அப்போது நிலத்தில் இழுபடும். நீளம் கூடினால் பின்னுக்கு எடுக்கும்போது பனித்திட்டியில் மடிந்து டயருக்குள் அகப்படும். மலிவான பிளாஸ்டிக் என்றால் குளிரில் வெடிக்கும். இதையெல்லாம் முன்பின் தெரியாத மனிதர்களுக்கு எத்தனை நூறு தடவை பொறுமையாகச் சொல்லியிருப்பேன்!

"ஒருக்கா வெளியில வந்து வண்டியைப் பாரன்ரா," என்றாய்.

"நேரமில்லை அக்கா. இது எல்லா வண்டிக்கும் பொருந்தும்," என்று தட்டிலிருந்து ஒரு சோடியை உருவி உன் கையில் தந்தேன்.

நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "எல்லாத்துக்கும் பொருந்துமெண்டால் ஒண்டுக்கும் வடிவாப் பொருந்தாதே?"

"ஓம் ஓம், சரியா இருக்கும். கொண்டு போ."

நீ கதவடிக்குப் போகும்போது என்னோடு வேலை செய்கிற தூரே, "யார் அது?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"தெரிந்த ஆள்," என்றேன்.

நீ கதவில் கை வைத்தபடி ஒரு கணம் நின்றாய். பிறகுதான் போனாய். அந்த மொழி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உனக்கு அது கேட்டதா அக்கா?

ஜனவரியில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குச் சோறும் கறியும் ஏற்றிக்கொண்டு போனாய். மண்டப வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது வலது பக்க ரப்பர் பனிக்கும் டயருக்கும் இடையில் மாட்டி, அடியோடு பிய்ந்து போனது. சாப்பாட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், ஹொல்ம்லியா பஸ் தரிப்பில் பிள்ளை வண்டிலோடு நின்ற ஒரு பெண்ணின் மேல் உன் சக்கரம் உப்புச் சேற்றை வாரியடித்தது. நீ வண்டியை நிறுத்தி, ஓடிப்போய், உன் சால்வையால் அந்தப் பிள்ளையின் முகத்தைத் துடைத்திருக்கிறாய். அன்றைக்குப் பின்னேரமே எனக்கு ஃபோன் எடுத்தாய்.

"ரெஜி, அந்தப் பிள்ளை வீரிட்டு அழுதது. நீ வண்டியைப் பாக்காமல் தந்தனி."

பிழை என்னுடையது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கத்தினேன்.

"உனக்கு அதை வண்டியில பூட்டத் தெரியாட்டி நான் என்ன செய்யிறது? அந்தப் பழைய தகரத்தை வைச்சுக்கொண்டு ஊரெல்லாம் சட்டி பானை காவிக்கொண்டு திரியிறாய். எங்களுக்கும் வெக்கமா இருக்கு."

நீ "சரியடா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். நான் சொன்னதில் 'எங்களுக்கும்' என்று ஒரு சொல் இருந்ததே, அது பொய் அக்கா. வெட்கப்பட்டது நான் ஒருவன்தான்.

மாசி மாதம் உன் பிக்கப்புக்கென்றே செய்த சரியான மட்பிளாப் ஒரு சோடியை வரவழைத்தேன். என் கார் டிக்கியில் வைத்தேன். ஆறு கிழமை அது அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகும்போது, அது முடிந்ததும் உன்னிடம் வரலாம் என்று நினைப்பேன். பிறகு, அக்காவே முதலில் ஃபோன் எடுக்கட்டும் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். தவக்காலம் வேறு. மற்றவர்களோடு ஒப்புரவாக வேண்டிய காலம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது தலையையும் ஆட்டினேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய செவ்வாய், முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு போட்டுக்கொண்டு நின்ற நீ விழுந்துவிட்டாய். மூளையில் இரத்தம் கசிந்ததாம். மெலனி கடைக்கு ஃபோன் எடுத்தாள். என்னால் கார் ஓட்ட முடியாதென்று தூரே தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

"உன் அக்காவை நான் பார்த்திருக்கிறேனா?" என்று வழியில் கேட்டார்.

"ஒக்டோபரில் மட்பிளாப் வாங்க வந்தாளே, அவள்தான்."

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டினார். 'தெரிந்த ஆள்' என்று ஏன் சொன்னாய் என்று அவர் கேட்டிருக்கலாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீ உயிரோடு இல்லை.

உனக்கான முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, டிக்கியில் கிடந்த சோடியை எடுத்துக்கொண்டு ஹொல்ம்லியாவில் உன் வீட்டுக்கு வந்தேன். உனக்காகச் செய்யக்கூடியதென்று எனக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கருப்புச் சூட்டோடேயே நிலத்தில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டேன்.

நான் தந்த ரப்பர் இரண்டு பக்கமும் இல்லை. அந்த இடத்தில் தடித்த, மிருதுவான வேறு ரப்பர். சமையலறை நிலத்தில் வழுக்காமல் போடுகிற விரிப்பிலிருந்து வெட்டியது. டயரைவிட ஒரு விரல் அகலம். கீழ் மூலை டயரில் அகப்படாதபடி வளைத்து வெட்டியிருந்தது. துருப்பிடிக்காத ஆணிகள், அகன்ற வாசர் வளையங்கள். இருபது வருடம் இந்த வேலை செய்கிற நான் ஒரு பிழையும் பிடிக்க முடியாத வேலை.

"ஆர் பூட்டினது?" என்று கேட்டேன்.

"அம்மாதான்," என்றாள் மெலனி. "எல்லாப் பானையிலயும் தண்ணி நிரப்பி ஏத்திப்போட்டு, நிலத்தில படுத்து அளந்தவ. அயல் ஆக்கள் எல்லாம் யன்னலால பார்த்தவை. பூட்டி முடிய, 'ரெஜி கண்டால் வாயைப் பிளப்பான்' எண்டு சொல்லிச் சிரிச்சவ."

"ஏன் எனக்கு அம்மா சொல்லேல்லை?"

"நீங்கள் ஃபோன் எடுப்பியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தவ, மாமா."

நான் உடனே எழும்பவில்லை. வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். மெலனியும் பக்கத்தில் குந்தியிருந்தாள். கொண்டுவந்த சோடியை அடுத்த நாள் கடையில் திருப்பி வைத்தேன்.

இப்போது புதுச் செய்தி ஒன்று. தாதிப் படிப்புக்கு மெலனி பேர்கனுக்குப் போகிறாள். "அங்கை ஆஸ்பத்திரியில ப்ரக்சிஸ் பயிற்சி கிடைச்சிருக்கு மாமா. பிக்கப்பில சாமான் ஏத்திக்கொண்டு நானே ஓட்டிக்கொண்டு போகப்போறன்," என்றாள். மலைப் பாதை, பழைய வண்டி, அங்கே இருக்கிற தகப்பனோடும் அவளுக்கு அவ்வளவு கதை பேச்சில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. உனக்குச் சொன்ன மாதிரியே ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

"வாங்கோ. ஆனால் பக்கத்தில இருந்து கத்தக் கூடாது," என்றாள்.

கத்த மாட்டேன் அக்கா. பேர்கன் வரை அவள்தான் ஓட்டுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். அங்கே அவளுக்கு அடுத்த அறைகளில் இருக்கிற பிள்ளைகள் யார் இவர் என்று கேட்டால், அவள் வாய் திறக்க முன் நானே சொல்வேன், நான் இவளுடைய தாயின் தம்பி என்று. அவள் என்னோடு எத்தனை தடவை கோபித்துக்கொண்டாலும் அன்றன்றைக்கே நான்தான் முதலில் ஃபோன் எடுப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி ரெஜி