அம்மாவின் பெயரில் ஒரு ஸ்கான்

அன்புள்ள அக்கா,

"தேவமலர்" என்று கூப்பிட்டபோது அம்மா எழும்பவில்லை. என் முழங்கையைத்தான் இடித்தார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஸ்கான் எடுக்கும் இடத்தில் அவர் தன் பெயரையும் வயதையும் பதிந்திருந்தார்.

"எங்கடை சேர்ச்சுக்கு வாற ஆக்கள் இஞ்சை இருக்கினம். கலியாணம் கட்டாத பெட்டைக்கு ஏன் ஸ்கான் எண்டு கேப்பினம். வாயைப் பொத்திக்கொண்டு வா," என்று காதுக்குள் சொன்னார்.

மாதக்கணக்காக எனக்கு மாதவிடாய் வராமல் இருப்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை, அதுவும் தெரியும்.

தண்ணீர் குடித்து வயிறு முட்டியிருந்ததால் படுக்கவே கஷ்டமாக இருந்தது. டொக்டர் குளிர்ந்த ஜெல் கூழை வயிற்றில் பூசி, திரையைப் பார்த்தபடியே, "சூலகம் ரெண்டிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டியள் நிறைய இருக்கு. நாற்பத்தாறு வயசில இப்பிடி இருக்காதே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீர்தானோ தேவமலர்?"

"ஓம் டொக்டர். அவவுக்கு முகம் இளசு," என்றார் அம்மா.

டொக்டர் சிரிக்கவில்லை. "இரத்தத்தில ஹோர்மோன் அளவையும் வயசை வைச்சுத்தான் பாப்பம். நாற்பத்தாறு எண்டால், மாதவிடாய் நிக்கிற காலம் எண்டு எழுதி விட்டிடுவம். பிறகு இந்தப் பிள்ளைக்கு ஆர் மருந்து தாறது?"

வாசலுக்குக் கதவில்லை, ஒரு திரைச்சீலை மட்டும்தான். வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். அம்மாவின் கை என் தோளை அழுத்தியது.

நான் கூழைத் துடைக்காமலே எழுந்திருந்து, என் பெயரையும் வயது பதினேழு என்பதையும் சத்தமாகச் சொன்னேன்.

உன் தங்கச்சி