தண்ணீர் ஊற்றிய பாட்டில்

ஐப்பசி 9, செவ்வாய்.

பிரசவ வார்டில் கை தேய்த்துக்கொள்ளும் மருந்தை இன்று உள்ளங்கையில் ஊற்றினேன். வாடையே இல்லை; இத்தனை நாள் அவசரத்தில் கவனிக்கவில்லை. வெறும் தண்ணீர். கூட வேலை பார்க்கும் மாலதியிடம் கேட்டேன்.

"ஸ்டாக் வரலக்கா. காலி பாட்டிலப் பாத்தா மேட்ரன் திட்டுவாங்க. அதான் தண்ணி ஊத்தி வச்சேன்."

"எப்பலேருந்து?"

"வெள்ளிக்கிழமலேருந்துக்கா."

அந்தத் தண்ணீரைத் தேய்த்த கையோடுதான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூதலூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணின் தையலுக்குக் கட்டு மாற்றினேன். நேற்றிலிருந்து அவளுக்குக் காய்ச்சல், தையலில் சீழ். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணா சாப்புட்டுட்டு இப்படிக் காட்டிக் குடுத்துட்டீங்களேக்கா" என்று மாலதி அழுதாள். நானா காட்டிக் கொடுத்தேன்?

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டேன்.

"நீங்க தொட்டா பயமே இல்லைங்க சிஸ்டர்" என்றாள்.

அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.