மேற்குச் சுவர்

ஜனக்புரி,
10 ஏப்ரல் 2001

சிரஞ்சீவி மேதாவுக்கு ஆசீர்வாதம்.

இந்த வீட்டை இடித்துவிட்டுக் கட்ட நீ வரைந்த புது வீட்டுப் படம் வந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்ற இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். டொராண்டோவில் வெயிலைக் கூப்பிட்டு உள்ளே உட்கார்த்த வேண்டும், சரி. டில்லியிலுமா?

மேற்கே, வீட்டுக்குப் பின்னால் பார்க் இருந்தும், உன் அப்பா அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. ரசனை இல்லாமல் அல்ல.

எதிர் வீட்டு கன்னா, வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பினாரே, ரோமாபுரித் தூண்களும் நீலக் கண்ணாடியுமாக? அந்தக் கண்ணாடியில் இப்போது உள்பக்கம் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. மத்தியானமானால் புருஷனும் பெண்டாட்டியும் நம் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள். "பெஹன்ஜி, உங்கள் வீடுதான் தண்டா, குளுகுளுவென்று இருக்கிறது" என்கிறார் கன்னா. இடிக்கும்போது நானும் சொன்னேன், யார் கேட்டார்கள்?

வைதேஹி மகாதேவன்

டொராண்டோ,
24 ஏப்ரல் 2001

அன்புள்ள அம்மா,

பெற்ற பெண்ணுக்கு முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கோபம் புரிகிறது.

ஜனவரியில் நீ எப்படி இருப்பாய் என்று எழுதவில்லையே? இரண்டு ஸ்வெட்டர், ஹீட்டர், பட்டப்பகலில் டியூப் லைட். கன்னா மாடி எழுப்பியதில் காலை வெயிலும் போயிற்று. அப்பா கட்டியது மே மாதத்துக்கான வீடு. பள்ளிக்கூட நாளில் நான் கன்னா வீட்டு மொட்டை மாடியில்தானே ஹோம்வொர்க் எழுதினேன்? அந்த இருட்டு பிடிக்காமல்தான் கட்டடக்கலை படித்தேன்.

தெரு மொத்தமும் மாறிவிட்டது, அம்மா. நடுவில் நம் வீடு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் அறை மாதிரி நிற்கிறது. தெருவோடு ஒட்டாதது எது?

உன் மாப்பிள்ளை பட்டாபிக்கு டில்லியிலேயே வேலை கிடைக்கும்போல இருக்கிறது. வெளிச்சமாக ஒரு வீடு இருந்தால் உன்னோடு வந்துவிடுவோம். அதற்காகத்தான் வரைந்தேன்.

மேதா

ஜனக்புரி,
6 மே 2001

மேதாவுக்கு,

வருவோம் என்ற வரியை முதலிலேயே எழுதியிருந்தால் நான் தூண்களைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் அறை என்றது சரியான உவமை. எனக்குப் பிடிக்கவில்லை.

பதினோரு வருஷமாக நீ டிசம்பரில் மட்டும் வருகிறாய். உனக்குத் தெரிந்த டில்லி அதுதான். ஜூனில் ஒரு வாரம் வா. சாயங்காலம் நாலு மணிக்கு கன்னா வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நில், கரண்ட் போனதும் நில். அதற்குப் பிறகும் இதே படத்தை நீட்டினால் இடிப்பதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். தூணும் வைத்துக்கொள்.

உன் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாயிற்று. கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டியும் போட்டுவிட்டேன், வாசனையாக இருக்கிறது.

அம்மா

டொராண்டோ,
20 மே 2001

அன்புள்ள அம்மா,

ஜூனில் முடியாது. பனி இல்லாத மாதங்களில்தான் இங்கே கட்டட வேலையே நடக்கும், உனக்குத் தெரியும். டிசம்பரில் வருகிறேன், கட்டாயம். அதற்குள் நீ கையெழுத்துப் போட்டால், வந்ததும் வேலையை ஆரம்பித்துவிடலாம். ஒரு வெயில் காலத்துக்காக இவ்வளவு பிடிவாதமா?

மேதா

ஜனக்புரி,
3 ஜூன் 2001

மேதாவுக்கு,

ஒரு வெயில் காலமில்லை. வருஷா வருஷம் வருகிறது.

பதினைந்து நாள் தங்கிப் போகிறவர்களுக்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. சாணக்யபுரியில் விருந்தினர் மாளிகை இருக்கிறது. வெளிச்சமான அறை உண்டா என்று விசாரித்து எழுதுகிறேன்.

கன்னா ஒட்டியிருந்த தாள் சூட்டில் உரிந்துவிட்டது. சாயங்காலமானால் அந்தக் கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி என் படுக்கையறை வென்டிலேட்டர் வழியாகக் கண்ணில் குத்துகிறது. உன் அப்பா கணக்குப் போடாத வெயில் அது ஒன்றுதான். நீ அனுப்பிய படம் கெட்டித் தாள். அதை வென்டிலேட்டரில் ஒட்டினேன். வெட்ட வேண்டியிருக்கவில்லை. சரியாகப் பொருந்திவிட்டது.

வைதேஹி மகாதேவன்