உப்புப் பார்க்க ஆளில்லாத புரட்டாசி

அக்கா,

இன்றைக்குப் புரட்டாசி முதல் தேதி. நம் சத்துணவுக் கூடத்தில் முட்டை மசாலா கொதித்துக்கொண்டிருந்தது. தக்காளியும் மிளகாய்த்தூளும் எண்ணெயில் சேர்ந்து எழும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் பழக்கதோஷத்தில், "அக்கா, உப்புப் பாரு" என்று சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தது புதிதாக வந்திருக்கும் சமையலம்மா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் இந்த மாசம் விரதம் டீச்சர்" என்றாள். இரண்டு பேரும் குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உனக்கும் எனக்கும் நடுவில் இந்தச் சங்கடமே வந்ததில்லை. நான் அமைப்பாளர், நீ சமையலர். பிள்ளைகள் முன்னால் என்னை "டீச்சர்" என்பாய். கூடத்துக் கதவைச் சாத்தினால் "இந்தா பாரும்மா" என்று ஆரம்பிப்பாய். நான் பெருமாள் கும்பிடுகிற வீடு, நீ மாதா கோயில் வீடு. புரட்டாசி முழுக்க நான் முட்டையை நாக்கில் வைக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் வேண்டிக்கொண்டது அது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நீ தொட மாட்டாய். உன் மகன் போட்டில் கடலுக்குப் போகத் தொடங்கியபோது மாதாவிடம் நீ கொடுத்த வாக்கு. பெரியவர்கள் யாராவது சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் தட்டில் விழ வேண்டும் என்பது விதி. ஆகவே என் மாதத்துக்கு உன் நாக்கு, உன் வெள்ளிக்கு என் நாக்கு என்று பேசிக்கொண்டோம்.

நம் பள்ளிக்கூடத்து மெனுவைச் சுவரில் எழுதிப்போட்டவர்களுக்கு இந்த ஊரின் சாமிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. திங்களுக்கு இது, செவ்வாய்க்கு இது, தினமும் முட்டை, முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் என்று எழுதியிருக்கும். ஆடியில் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் பழம் கேட்பார்கள். புரட்டாசி பிறந்தால் பாதி வகுப்பு பழத்துக்கு மாறும். கார்த்திகையில் அப்பாவோடு மாலை போட்ட குட்டிச் சாமிகள் கறுப்புத் துண்டோடு வரிசையில் நிற்கும். நோன்பு மாதத்தில் பாய் வீட்டுப் பெண், சாப்பாட்டு மணி அடித்ததும் வாசனை படாத தூரத்தில் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நேற்று வரைக்கும் பெரிய முட்டைக்காகச் சண்டை போட்டவன் இன்றைக்கு, "எனக்குப் பழம் ஆயாம்மா" என்று கையை நீட்டினால், "நேத்து முட்டைக்கு அடிச்சிக்கிட்ட, இன்னிக்கி சாமியாரா ஆயிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு, சீப்பிலேயே பெரிய பழமாகப் பார்த்துப் பிய்த்துக் கொடுப்பாய்.

முட்டைக் கரண்டி தப்பித்தவறிச் சோற்றில் பட்டுவிடக் கூடாது என்று அதன் காம்பில் நீல நைலான் வலைக்கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்தாய். உன் மகனின் கிழிந்த வலையிலிருந்து அறுத்து வந்தது. "நமக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. ஆனா நம்பி அனுப்பற அம்மாக்காரிக்கி ஒண்ணு இல்ல" என்றாய். அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அந்த ஒரு புரட்டாசியை நாம் இருவருமே அடிக்கடி பேசியதில்லை. இப்போது பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முட்டை வண்டி வந்து நிற்கவே, நீ இறக்கி வைக்கப் போனாய். போவதற்கு முன்பே மசாலாவில் உப்புப் போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது, நாக்கில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. நீ மறந்திருப்பாய் என்று நானும் என் பங்குக்கு அள்ளிப் போட்டேன். நீ வருவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. உப்பளத்து ஊரில், அன்றைக்கு நாம் போட்ட உப்பில் அந்த மசாலாவை நாய் கூட முகர்ந்து பார்த்திருக்காது. பிள்ளைகள் முட்டையைத் தட்டோரமாக ஒதுக்கினார்கள். ஒருத்தன் காகத்துக்குத் தூக்கிப் போட்டான்.

ஒரு பெண் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். இரண்டாம் வகுப்பு. அம்மா விடிவதற்கு முன்பே உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். அப்போது பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு வந்திருக்கவில்லை. அந்தப் பெண் குழாயைத் திறந்து, முட்டையை உள்ளங்கையில் வைத்து மசாலாவை எல்லாம் கழுவினாள். விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அங்கேயே நின்று, வெறும் முட்டையை ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்குக் குண்டானைத் துலக்கும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இனிமே நாக்குல வைக்காம ஒரு கரண்டி கூட வெளிய போவக் கூடாது. எந்த மாசமா இருந்தாலும் சரி." எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. உன் வெள்ளிக்கிழமை வரட்டும், அப்போது தெரியும் சேதி என்று மனசுக்குள் முனகிக்கொண்டேன்.

வந்தது. அடுத்த தவக்காலத்தில் ஒரு வெள்ளி, எனக்குச் சளிக்காய்ச்சல் வந்து நாக்கு செத்துக் கிடந்தது. மசாலாவை வாயில் வைத்தால் மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. "ஒண்ணும் தெரியலக்கா, உப்பு இருக்குதா இல்லையான்னே தெரியல" என்றேன். அன்றைக்குப் பார்த்து வேறு டீச்சரும் இல்லை. பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டேன். "நாம தின்னு பாத்துட்டுத்தான் புள்ளைங்களுக்கு. புள்ளைங்க தின்னு பாத்து நமக்கில்ல" என்று ஒரு அதட்டல் போட்டாய். உன் மகன் அன்றைக்குக் கடலில் இருந்தான். காற்று வேறு சரியில்லை என்று காலையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு நிமிஷம் குண்டானைப் பார்த்தாய். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாய். முட்டையை ஒரு விள்ளல் கிள்ளி மசாலாவில் தோய்த்து வாயில் போட்டு மென்று முழுங்கினாய்.

"ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ உப்புப் பாக்கெட்ட எடு."

பேசிக்கொள்கிறேன் என்று வாய்தான் சொன்னது. சாப்பாடு முடிந்து கூடத்தைப் பூட்டிய பிறகும் நீ வீட்டுக்குப் போகவில்லை. செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகே கடல் பக்கமாகப் பார்த்து நின்றாய். நான் மோர் கொண்டுவந்து கொடுத்ததைக்கூட வாங்கவில்லை. பள்ளி விடுகிற நேரத்துக்கு உன் மகன் கூப்பிட்டான். "கரைக்கு வந்துட்டியாடா?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொன்னதும் அவனைக் கண்டபடி திட்டினாய். எதற்குத் திட்டு விழுகிறது என்று அந்தப் பையனுக்குக் கடைசி வரை தெரியாது.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தேன் அக்கா. சனிக்கிழமை. பந்தியில் எல்லோருக்கும் பிரியாணி போய்க்கொண்டிருந்தது. நான் நழுவப் பார்த்தபோது உன் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு தூக்கில் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் தனியாக மூடி வைத்திருந்தது. "சனிக்கிழமைன்னா டீச்சருக்குத் தனியா எடுத்து வைன்னு அத்தை எப்பவும் சொல்லுவாங்க" என்றாள். செத்த பிறகும் பரிமாறுகிறாயே என்று உன்மேல் கோபமாக வந்தது.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். ஹெட்மாஸ்டருக்கு வானூரில் மீட்டிங். இன்னொரு டீச்சர் பிறந்ததிலிருந்தே சைவம். மணி அடிக்கப் போகிறது. "ஒரு நாள்தானே டீச்சர், கை அளவுக்குப் போட்டிருக்கேன், சரியாத்தான் இருக்கும்" என்றாள் சமையலம்மா. நல்ல பெண்தான். ஆனால் என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை, குழாயடிதான் தெரிந்தது. நீலக்கயிறு சுற்றிய கரண்டியை எடுத்தேன். வேண்டுதல் ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வீட்டுக்காரர் மூச்சுக்குத் திணறிக் கிடந்த கோலம் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு புரட்டாசி தவறியதில்லை அக்கா. பயமாகத்தான் இருந்தது.

வாயில் போட்டேன். உப்புக் குறைச்சல்.

"பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ உப்புப் பாக்கெட்ட எடும்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். போட்டுக் கிளறி, மறுபடியும் ருசி பார்த்தேன். சரியாக இருந்தது.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்ததும் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். கேட்டருகே, நீ அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றிருந்தேன்.

எடுத்தார். வாயில் சோறு. "என்னாடி? சாப்புடும்போதுதான் கூப்புடுவியா? இன்னிக்கும் கொழம்புல உப்பே இல்ல" என்றார்.

அவரையும் நான் கண்டபடி திட்டினேன். அவருக்கும் எதற்கென்று தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். ஒரே கூச்சல். குழாயடியில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் பிள்ளை போகிற வரைக்கும் வாசற்படியில் நின்று பார்த்தேன் அக்கா. எல்லோரும் தட்டுக் கழுவத்தான் வந்தார்கள். முட்டை கழுவ யாரும் வரவில்லை.