மணி அடிக்காத அக்காவுக்கு

அக்கா,

இன்று பழம்புளிப் பானையைக் காலி செய்தேன். அடியில், துணி சுற்றி, அந்தப் பித்தளை மணி. எழுந்திருக்கும்போது அடித்து என்னைக் கூப்பிடுங்கள் என்று உங்கள் கட்டிலில் நான் கட்டிவைத்தது. காணோம் என்று வீட்டையே புரட்டினேனே, "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றீர்கள். பித்தளை மணியை எந்த எலி தூக்கும்? வந்த கோபத்தில், கல்லறைக்கே வந்து சண்டை போடலாமா என்றிருந்தது.

மார்பில் இருந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மெட்ராஸில் உங்களுக்கு அந்தப் புது ஊசியை ஆரம்பித்தார்கள். வாந்தி வரும், சோறு பிடிக்காது என்று டாக்டர் சொன்னார். எழுந்தால் கண் இருட்டும், கால் துவளும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் பாதி ஆளாக ரயிலிலிருந்து இறங்குவீர்கள். வீட்டுக்கு மூத்த மருமகளாயிற்றே, வந்ததும் வராததுமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவீர்கள்.

அங்கேதான் முதலில் விழுந்தீர்கள். "பாசி வழுக்கிடுச்சும்மா." சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுக் கல்லைத் தேய் தேய் என்று தேய்த்தேன். அடுத்து, காய்ந்து கிடந்த கூடத்தில் விழுந்தீர்கள். "புடவை தடுக்கிடுச்சு." கூடத்தில் பாசி இல்லையே, அதனால் புடவை! மணி கட்டியது அதற்குப் பிறகுதான்.

"ஒரு குரல் கொடுத்தா என்னக்கா? நான் அடுப்படியிலதானே இருக்கேன்?" என்று கத்தினேன்.

என் வாயைப் பொத்தினீர்கள். "அத்தை காதுல விழப்போவுது. ஊசிதான் இவளச் சாய்க்குதுன்னு மெட்ராஸ் போறதையே நிறுத்திடுவாங்க. எனக்கு உசுரோட இருக்கணும்டி."

உசுரோட இருக்கணும் என்றவர், எழுந்திருக்கும்போது என்னிடம் கையைக் கொடுத்திருக்க வேண்டாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட இருக்கிறேன் என்ற என்னையும் மாதா கோயில் பூசைக்கு விரட்டினீர்கள். திரும்பி வந்தபோது பின்வாசல் படியடியில் கிடந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்துபோயிருந்தது. அதன் பிறகு உங்களை ரயிலேற்ற முடியவில்லை. ஊசி நின்றது. நிறுத்தியது அத்தை இல்லை அக்கா. யாருக்குப் பயந்து மறைத்தீர்களோ, அவர்தான் கடைசிவரை உங்கள் முதுகைத் துடைத்துவிட்டு, "எப்படியாவது இவள மெட்ராஸ் கொண்டுபோங்கடா" என்று மகன்களிடம் அழுதுகொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுக்காரர் மட்டும் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "இந்த ஊசி போட்டவங்க விழத்தான் செய்வாங்களாம். நாமதான் பாத்துக்கிட்டிருந்திருக்கணுமாம்."

கையிலிருந்த கரண்டியை வீசினேன். "அதை முன்னாடியே சொன்னா அந்த டாக்டருக்கு வாய் வலிக்குமா?" என் வீட்டுக்காரருக்கு அண்ணன்; அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

இப்போது கோட்டுச்சேரியில் ஒருத்திக்கு அதே ஊசி போடுகிறார்கள். கேள்விப்பட்டதும் பஸ் ஏறிப் போனேன். அவள் மாமியாரையும் புருஷனையும் எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். "இவ விழுவா. அதுக்காக ஊசிய நிறுத்திடாதீங்க. தனியா எழுந்திருக்க விடாதீங்க, அவ்வளவுதான்." வாரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கிறேன். அவளும் உங்களைப் போலத்தான். "எனக்கு ஒண்ணுமில்லக்கா, விடுங்க" என்று கையை உதறுகிறாள்.

உதறட்டும். மறுபடி பிடித்துக்கொள்கிறேன்.