தொட்டி வழியா ராசிபலன்

ஆமாடா, குடிச்சிட்டேன். மறுபடியும். பைப்போட ஒரு முனைய மீன் தொட்டிக்குள்ள விட்டு, இன்னொரு முனைய வாயில வெச்சு உறிஞ்சும்போது, தண்ணி வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்துரணும்னு எத்தன தடவ சொல்லியிருப்ப. எனக்கு அந்த ஒரு செகண்டு பொறுமை என்னிக்கு இருந்துச்சு? இங்க ஹோட்டல்ல டெலிவரி ஆர்டருக்கு காத்துட்டு உக்காந்திருக்கேன். ரெண்டு சாய் குடிச்சாச்சு, இன்னும் நாக்குல பாசி ருசிதான். அந்த ருசியோட உன் சிரிப்பும் வந்துருச்சு. அதான் எழுதறேன்.

உன் மீனெல்லாம் உயிரோட இருக்கு. மொதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா மேல எதையும் நீ படிக்க மாட்ட.

தொட்டி வாங்கின நாள யோசிச்சேன். உப்பல்ல இருந்து மெட்டுகுடா வரைக்கும் என் ஸ்கூட்டர். பின்னாடி நீ, உன் மடியில ரெண்டடி கண்ணாடித் தொட்டி. சிக்னல்ல போலீஸ்காரர் நிறுத்தி, பின்னாடி இருக்கறவனுக்கு ஹெல்மெட் எங்கன்னு கேட்டாரு. நீ தொட்டிய தூக்கி தலைமேல கவுத்துக்கிட்டு உள்ளேர்ந்து, "யே ஹை சார்", இதோ இருக்குன்ன. அந்தாளு விசில வாயில வெச்சபடியே சிரிச்சாரு. அது பீப் பீப்புன்னு கத்துச்சு. முன்னாடி நின்ன ஆட்டோ நம்மளத்தான் போகச் சொல்றாங்கன்னு சிவப்பு விளக்குலயே கெளம்பிருச்சு.

அப்புறம் நான் பண்ணின கொலை. நீ காட்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாள்ல, தொட்டி லேசா அழுக்கா இருக்கேன்னு மொத்தத் தண்ணியையும் கொட்டி, கல்ல எல்லாம் சோப்பு போட்டு தேச்சு, ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாயில புழிஞ்சு, பளபளன்னு வெச்சேன். ரெண்டு மீனு மறுநாளே மல்லாந்துருச்சு. நீ வந்து பாத்துட்டு, "அந்த ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும்தான்டா தண்ணிய சுத்தம் பண்ற கிருமியெல்லாம் குடியிருக்கு. ஊரையே காலி பண்ணிட்டியே"ன்னு கத்துன. மூணு நாள் பேச்சு இல்ல. நாலாம் நாள் நான் மறுபடி உள்ள கைய விட்டப்ப ஒரே வார்த்த சொன்ன. "நக்கோ, வேணாம். கைய எடு. தண்ணி அதோட வேலைய பாக்கும்."

பொறுமையில்லாம காலேஜ ரெண்டாம் வருஷத்துல விட்டவன்கிட்ட போய் சும்மா இருன்னு சொன்ன பாரு.

நீ காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன, திரும்பி வரல. அதப் பத்தி எனக்கு எழுத வராது, விடு. ரெண்டு மாசத்துல தொட்டி கீரை மசியல் மாதிரி ஆயிருச்சு. உள்ள மீனு இருக்கா இல்லையான்னே தெரியல. செடியெல்லாம் பழுப்பா அழுகி தொங்குது. உங்கப்பா படிகாரத்த துணியில கட்டிக்கிட்டு வந்துட்டாரு, குடத்துல போடற மாதிரி உள்ள தொங்க விட. நான் குறுக்க விழுந்து தடுத்தேன். "அங்கிள், அது குடிக்கிற தண்ணிக்கு. இதுல ஆள் இருக்கு!"

அவருக்கு கோவம் வந்துருச்சு. வொர்க்‌ஷாப்ல சூப்பர்வைசரா இருந்தவரு, எதுக்கும் ஒரு டெஸ்ட் வேணும். நாள்காட்டித் தாள் ஒண்ண கிழிச்சு தொட்டிக்குப் பின்னாடி ஒட்டினாரு. "நாலு ஞாயித்துக்கிழம டைம். முன்னாடி நின்னு ராசிபலன படிக்க முடியணும். முடியலேன்னா தொட்டி வெளிய. என் பையன் ரூம்ல குட்டை வெச்சிருக்க முடியாது. காலேஜையே பாதியில விட்டவன், இத முடிப்பியா நீ?"

எனக்கு சுருக்குன்னுச்சு. அதவிட இன்னொண்ணு. தொட்டி போச்சுன்னா உங்க வீட்டுக்கு வர எனக்கு என்னடா காரணம் இருக்கு?

மொத ஞாயிறு. தாளே தெரியல. அப்பத்தான் கவனிச்சேன், மீன் சாப்பாட்டு டப்பா காலி. ஆறு மாசம் வர வேண்டியது. எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு கேட்டேன், யாரு போடறதுன்னு.

உங்கம்மா, "காலையில ஒரே ஒரு தடவ. பசியோட பாக்குதுடா, என்ன பண்ண?"ன்னாங்க.

உங்கப்பா செருமினாரு. "வாக்கிங் போயிட்டு வந்து... ஒரு சிட்டிகை."

உன் தங்கச்சி தெலுங்குல, "நேனு ரெண்டே சார்லு"ன்னா. ரெண்டு தடவதானாம். அதுல பெரும வேற.

உங்கம்மா என்னைப் பாத்தாங்க. "நீ?"

"வரும்போது ஒண்ணு ஆன்ட்டி."

"அவ்வளவுதானா?"

"போகும்போது ஒண்ணு."

அந்த கருப்பு மோலி மீனு இருக்கே, கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுமே, அது நாலு பேரையும் தனித்தனியா ஏமாத்தி தின்னிருக்கு. தின்ன முடியாம விட்டது பூரா அடியில அழுகிக் கெடந்துச்சு. கிழமை பிரிச்சோம். ஒரு நாளைக்கு ஒருத்தர், ஒரு சிட்டிகை.

லைட்டுதான் கஷ்டமா இருந்துச்சு. உன் ரூம் இருட்டா இருக்கக்கூடாதுன்னு தொட்டி லைட்ட உங்கம்மா நிறுத்தவே இல்ல. பாசி பின்ன வளராம என்ன பண்ணும்? எப்படி சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கடைசில எனக்கு வர்ற மாதிரியே சொன்னேன். "ஆன்ட்டி, எட்டு மணி நேரத்துக்கு மேல வேணாம். செடியும் தூங்கணும்." அப்புறம் அவங்களே போய் அணைச்சாங்க. மறுநாள்லேர்ந்து கத்திரிக்கோலோட உக்காந்து அழுகின இலையெல்லாம் வெட்டி எடுக்க ஆரம்பிச்சாங்க, கீரை ஆயற மாதிரி. புது தளிரு வந்தப்ப, "கூட்டு வெக்கலாம் போலருக்கே"ன்னு மொத தடவயா சிரிச்சாங்க.

நான் வாரத்துக்கு ஒரு தடவ, முந்தின நாளே பக்கெட்ல புடிச்சு வெச்ச தண்ணி, தொட்டியில கால்வாசி மட்டும் மாத்தினேன். மத்த நேரமெல்லாம் கைய பாக்கெட்ல வெச்சுக்கிட்டு நின்னேன். காலேஜ்ல கூட நான் இவ்வளவு கஷ்டப்படல.

ரெண்டாம் ஞாயிறு சிவப்பு தேதி மங்கலா தெரிஞ்சுது. மூணாவது ஞாயிறு, கிழமை பேரும் தெரிஞ்சுது. நேத்து நாலாவது. உங்கப்பா காலையிலயே புதுத் தாள ஒட்டி, கண்ணாடி போட்டுக்கிட்டு குனிஞ்சு நின்னாரு. நாங்க மூணு பேரும் பின்னாடி, ரிசல்ட் பாக்க வந்த மாதிரி.

"மேஷம், அலைச்சல்." என்னைத் திரும்பிப் பாத்தாரு. "உனக்கு சரியாத்தான் போட்டிருக்கான்."

வரிசையா படிச்சாரு. ரிஷபம் வரவு, மிதுனம் கவலை, எல்லாம் கடகடன்னு. "மகரம், லாபம். மீனம்..."

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க"ன்னாங்க உங்கம்மா.

"அந்த எடத்துல எழுத்து சரியா தெரியல."

மீனத்த படிக்கிற மனுஷனுக்கு அதுக்கு மேல் வரி எப்படி தெரியாம போகும்?

"தெரியலேன்னா தொட்டி வெளியன்னு நீங்கதான சொன்னீங்க? தெரியுதா, தெரியலையா?"ன்னாங்க உங்கம்மா.

அவரு கண்ணாடிய கழட்டி பனியன்ல தொடச்சு மறுபடி போட்டாரு.

"கும்பம்"ன்னாரு. உன் ராசி. அப்புறம் ரொம்ப மெதுவா, "சுகம்."

உங்கம்மா, "ம்"னாங்க. அவ்வளவுதான். காபி போடப் போயிட்டாங்க. உங்கப்பா நிமிந்து, "இங்கயே இருக்கட்டும்"னாரு. என்கிட்ட சொன்னாரா தொட்டிகிட்ட சொன்னாரான்னு தெரியல.

அந்தத் தாள கேட்டு வாங்கிட்டேன். மடிச்சு ஃபோன் கவருக்குள்ள வெச்சிருக்கேன், இப்ப நான் டைப் பண்ற இந்த ஃபோனுக்குப் பின்னாடிதான்.

ஆர்டர் ரெடின்னு கூப்பிடறான். போறேன்டா.