நான்காவது மூலை

ஜூன் 4
“அத்தை, உங்க மூலைமட்டம் சரியா இருக்கான்னு என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கேட்டது இன்னும் காதைக் குடைகிறது. வடிவியல் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா?

இரவல் வாங்கிப் போன, படச்சட்டம் அறுக்கும் என் மைட்டர் ரம்பத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் கொண்டுவந்தார். ஆனால் பிளேடை இறக்கி, செங்கோணம் பார்க்க என் மர மூலைமட்டத்தை ஒட்டி வைத்தால் இடையில் வெளிச்சம் தெரிந்தது. அவருடைய அப்பா அம்மா எதிரிலேயே சொன்னேன்: “வாங்கின மாதிரி திருப்பிக் கொடுக்கத் தெரியாதா, மாப்பிள்ளை?”

அதற்குத்தான் அந்தக் கேள்வி. கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

ஜூன் 5
ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரம் சாய்ந்து நிற்கும் பின்தகட்டின் போல்ட்டைத் தளர்த்தினேன். மூலைமட்டத்துக்கு ஒட்டினாற்போல் நகர்த்தி இறுக்கினேன். இனி வம்பில்லை.

ஜூன் 8
வம்புதான். பேத்தி வரைந்த படத்துக்குச் சட்டம் செய்தேன். மூன்று மூலை கச்சிதம். நான்காவது வாயைப் பிளக்கிறது. நாலு கட்டையின் எட்டு வெட்டிலும் அரை அரை டிகிரி பிசகினால், மொத்தமும் கடைசி மூலையில் வந்து உட்காரும். வகுப்பில் இப்படியொரு உதாரணம் கிடைத்திருந்தால் விட்டிருப்பேனா!

மனிதர் ரம்பத்தை எங்கேயோ போட்டு இடித்திருக்கிறார். பழையபடி இடைவெளியைப் பட்டி மாவு வைத்து அடைத்தேன்.

மகள் போனில்: “எல்லாருக்கும் மார்க் போடுறதை நிறுத்தவே மாட்டியாம்மா? அவரு இனிமே அங்க வரமாட்டேங்கிறாரு.”

ஜூன் 9
‘பழையபடி’ — நேற்று நானே எழுதிய சொல். ரம்பம் அவர் கைக்குப் போகும் முன்பே பட்டி வைத்துக்கொண்டுதானே இருந்தேன்?

ஜூன் 10
நேரான பலகை விளிம்பில் மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டேன். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மறுபடி போட்டேன். இரண்டும் ஒரே கோடாக விழ வேண்டும். மேலே போகப் போகக் கவட்டை மாதிரி விலகின.

கோணல் என் மூலைமட்டத்தில். அவர் சரிசெய்து கொடுத்த ரம்பத்தை நான் கெடுத்திருக்கிறேன். மெதுவா ஓடுற வாட்சைக் கட்டிக்கிட்டு, பஸ் முன்னாடியே போயிடுச்சுன்னு டிரைவரைத் திட்டின கதை. அதுவும் பெத்தவங்க எதிர்ல! இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?

ஜூன் 11
போனில் சொல்லிவிடலாமா? — கோழைத்தனம். திட்டியது நாலு பேர் நடுவில்.

ஜூன் 14
மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மூலைமட்டத்தையும் கொண்டுபோனேன். சம்பந்தியம்மா பதறினார்: “ஐயோ, அதையெல்லாம் விடுங்க சம்பந்தி!”

“விடறதுக்கில்லைங்க. எல்லாரும் பாருங்க.” அவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே காகிதத்தை விரித்தேன். ஒரு கோடு. புரட்டி இன்னொன்று. “தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க, மாப்பிள்ளை.”

அவர் குனிந்து பார்த்தார். “என்ன அத்தை, இம்போசிஷனா? நூறு தடவை எழுதணுமா?”

மகள்தான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் நான் செய்து கொடுத்த கல்யாணப் படச் சட்டம். “அதோட மூலையிலயும் பட்டிதான், தெரியுமா?”

“மாட்டும்போதே தெரியும், அத்தை. அதுக்குத்தானே ரம்பத்தை இரவல் கேட்டேன்.”

இரவல் என்ற சாக்கில், எனக்கே தெரியாமல் ரம்பத்தைச் சரிசெய்து வைத்துவிடப் பார்த்திருக்கிறார்.

ஜூன் 16
மாப்பிள்ளை தன் இரும்பு மூலைமட்டத்தோடு வந்தார். பின்தகட்டைத் திருத்தினோம். பேத்தி படத்துக்குப் புதுச் சட்டம். நான்காவது மூலையில் நகம்கூட நுழையவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மர மூலைமட்டத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, ரம்பத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்: முதலில் என்னைப் புரட்டிப் போட்டு இன்னொரு கோடு போட்டுப் பார்.